டூயல் பூட் விண்டோஸை உபுண்டுவுக்குள் ஓட்டும்போது: என்ன தெரிகிறது, எங்கே பார்க்க வேண்டும்

என் லேப்டாப்பில் ஒரே எஸ்எஸ்டியில் உபுண்டுவும் விண்டோஸும் இருக்கின்றன. அன்றாட வேலை எல்லாம் உபுண்டுவில். விண்டோஸ் தேவைப்படுவது மாதத்தில் நான்கைந்து முறை, அதுவும் பத்து நிமிட வேலைக்கு. அந்தப் பத்து நிமிடத்துக்காகத் திறந்து வைத்த அத்தனையையும் மூடி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் தன் அப்டேட்டை முடிக்கும்வரை காத்திருந்து அலுத்துப்போய்விட்டது. அதனால் டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் அதே விண்டோஸை உபுண்டுவுக்குள் ஒரு ஜன்னலில் ஓட்டத் தொடங்கினேன்.

இதில் இன்னொரு விண்டோஸை நிறுவுவது இல்லை. விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனையே (டிஸ்கில் அதற்கென ஒதுக்கிய பகுதி) விர்ச்சுவல் மெஷினுக்கு, அதாவது மென்பொருளால் ஆன கம்ப்யூட்டருக்கு, கொடுக்கிறோம். விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் செயலியான விர்ச்சுவல்பாக்ஸில் இதற்கு 'ரா டிஸ்க்' என்று பெயர். மிகச் சிறிய விஎம்டிகே கோப்பு ஒன்று உருவாகும். அதற்குள் உங்கள் டேட்டா எதுவும் இருக்காது, எந்த டிஸ்கில் எந்தப் பார்ட்டிஷனைப் படிக்க வேண்டும் என்ற விலாசம்தான் இருக்கும். லினக்ஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம்மில் அந்தக் கோப்பும் வேண்டாம், டிவைஸையே நேராகக் காட்டிவிடலாம்.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டே இடத்திலிருந்து வருபவை. ஒன்று, எந்த ஃபைல் சிஸ்டமும் 'என்னைத் தவிர வேறு யாரும் இந்தப் பார்ட்டிஷனில் எழுதமாட்டார்கள்' என்று நம்பித்தான் வேலை செய்கிறது. இரண்டு, விண்டோஸ் தான் நேற்று பார்த்த அதே கம்ப்யூட்டரில்தான் இன்றும் எழுந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறது. எதையும் தொடுவதற்கு முன் இரண்டு சிஸ்டத்தின் முக்கியமான ஃபைல்களையும் வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். கட்டளைகளின் பெயர்களை மட்டும் சொல்கிறேன்; முழு வடிவத்தை உங்கள் பதிப்பின் உதவிப் பக்கத்தில் பார்த்து, டிஸ்க் எண்ணைச் சரிபார்த்து, கையால் தட்டச்சு செய்யுங்கள். டிஸ்க் சமாச்சாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு காப்பி பேஸ்ட் செய்வது வேண்டாம்.

மெஷினைத் தொடங்கியதுமே 'ஆக்சஸ் டினைட்'

சாதாரண பயனருக்கு டிஸ்கை நேராகப் படிக்க லினக்ஸ் அனுமதி தராது. பலரும் சொல்லும் வழி, உங்கள் பயனர் கணக்கை 'டிஸ்க்' குழுவில் சேர்ப்பது. அப்படிச் செய்தால் வேலை நடக்கும். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் எந்த டிஸ்கிலும் எதையும் எழுதலாம், ஏறக்குறைய எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கு மாதிரி. நான் அதைச் செய்யவில்லை. விஎம்டிகே கோப்பை உருவாக்கும்போது 'ரிலேட்டிவ்' என்ற தெரிவைச் சேர்த்தால், முழு டிஸ்கைத் திறக்காமல் பார்ட்டிஷனை மட்டும் திறக்கும். பிறகு அந்த ஒரு பார்ட்டிஷனுக்கு மட்டும் உங்கள் பெயரில் ஒரு யூடெவ் விதி (டிவைஸ்களின் அனுமதியை ஒவ்வொரு பூட்டிலும் தானாக அமைப்பது) எழுதினால் போதும். கையால் அனுமதியை மாற்றினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் போய்விடும், அதனால்தான் விதி.

நேற்றுவரை ஓடியது இன்று வேறு டிஸ்கைக் காட்டுகிறது என்றால், டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறியிருக்கும். யூஎஸ்பி டிஸ்க் செருகியிருக்கும்போது பூட் செய்தாலே இது நடக்கலாம். டிவைஸைக் குறிப்பிட எப்போதும் 'பை-ஐடி' அடைவில் உள்ள நீளமான பெயரையே கொடுங்கள்.

'நோ பூட்டபிள் மீடியம்' என்று கறுப்புத் திரை

இப்போதுள்ள லேப்டாப்களில் விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில்தான் நிறுவப்பட்டிருக்கும். விர்ச்சுவல் மெஷின் பழைய பயாஸ் முறையில் எழுந்தால் பூட்லோடரை (விண்டோஸை எழுப்பும் சிறு நிரலை) எங்கே தேடுவது என்றே அதற்குத் தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸில் சிஸ்டம் பக்கத்தில் இஎஃப்ஐ பெட்டியை டிக் செய்யுங்கள். கேவிஎம்மில் மெஷினை உருவாக்கும்போதே யூஇஎஃப்ஐக்கான ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேரைத் தேர்ந்தெடுங்கள்.

கேவிஎம்மில் இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கும். விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் எடுத்து 'இதுதான் டிஸ்க்' என்று கொடுத்துவிடுவோம். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு அது பார்ட்டிஷன் டேபிளே (எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்ற அட்டவணை) இல்லாத டிஸ்காகத் தெரியும். ஜிபிடி என்ற இப்போதைய முறையில் டேபிளின் ஒரு பிரதி டிஸ்கின் தலையிலும் இன்னொன்று வாலிலும் இருக்க வேண்டும். அதனால் முன்னால் ஒரு சிறு கோப்பு, நடுவில் உண்மையான பார்ட்டிஷன், பின்னால் ஒரு சிறு கோப்பு என்று லினக்ஸின் டிவைஸ் மேப்பரின் லீனியர் முறையில் மூன்றையும் ஒட்டி ஒரே டிஸ்காகக் காட்ட வேண்டியிருக்கும். கொஞ்சம் கைவேலைதான். விர்ச்சுவல்பாக்ஸ் இந்த டேபிளின் பிரதியைத் தானே எடுத்து வைத்துக்கொள்கிறது, முதல்முறை முயல்பவருக்கு அதுவே நல்லது.

பிரதி என்பதால் ஒரு விளைவும் உண்டு: பிறகு நீங்கள் பார்ட்டிஷன்களின் அளவை மாற்றினால் அந்தப் பிரதி பழசாகிவிடும். பழைய டேபிளோடு மெஷினை ஓட்டினால் விண்டோஸ் அடுத்த வீட்டு எல்லைக்குள் எழுதிவிடக்கூடும். அளவை மாற்றிய அன்றே விஎம்டிகேயை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

மெஷினுக்குள் க்ரப் மெனு வருகிறது

க்ரப் என்பது எந்தச் சிஸ்டத்தில் எழுவது என்று கேட்கும் உபுண்டுவின் பூட்லோடர். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். முழு டிஸ்கையும் கொடுத்தால் அதில் பூட்லோடர்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனும் சேர்ந்து போகும். விர்ச்சுவல் மெஷினின் ஃபர்ம்வேர் புதிது, அதன் நினைவில் விண்டோஸ் பூட் மேனேஜரின் பெயர் இல்லை. எனவே இயல்பான இடத்தில் இருக்கும் பூட்லோடரை எடுத்து ஓட்டும். அது உபுண்டு வைத்தது, அங்கிருந்து க்ரப். பத்து விநாடிக்குள் எதையும் அழுத்தாவிட்டால் க்ரப் தன் முதல் தெரிவைத் தொடங்கும். முதல் தெரிவு எது? இப்போது நீங்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் அதே உபுண்டு.

எனக்கு அது நடந்தது. மெஷினைத் தொடங்கிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் ஜன்னலுக்குள் உபுண்டுவின் லோகோ. வெளியே ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவும் உள்ளே எழுந்த உபுண்டுவும் ஒரே ரூட் பார்ட்டிஷனில் எழுதிக்கொண்டிருந்தன. உடனே மெஷினின் பவரைப் பிடுங்கினேன், பிறகு லைவ் யூஎஸ்பியில் எழுந்து ஃபைல் சிஸ்டம் சோதனை ஓட்டினேன். சில கோப்புகள் 'லாஸ்ட் அண்டு ஃபவுண்ட்' அடைவில் பெயரில்லாமல் கிடந்தன. அன்று தப்பித்தது அதிர்ஷ்டம்.

உங்களுக்கு இப்போது அந்த மெனு வந்திருந்தால் முதலில் மேல் அம்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள், கவுண்ட்டவுன் நின்றுவிடும். பிறகு மெஷினை அணைத்துவிட்டு இப்படி மாற்றுங்கள்.

உபுண்டுவின் பார்ட்டிஷன்களையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் கொடுக்கவே வேண்டாம். விஎம்டிகே உருவாக்கும்போது விண்டோஸின் பார்ட்டிஷன் எண்களை மட்டும் சொல்லுங்கள். மற்றவை உள்ளே வெறும் பூஜ்யமாகத் தெரியும், அங்கே எழுதினாலும் உண்மையான டிஸ்குக்குப் போகாது. அப்புறம் பூட்லோடருக்காக 200 எம்பி அளவில் தனியாக ஒரு சாதாரண விர்ச்சுவல் டிஸ்கைச் சேருங்கள். விண்டோஸ் நிறுவல் ஐஎஸ்ஓவை வைத்து மெஷினைத் தொடங்கி, முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை வரும். டிஸ்குகளைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்த 200 எம்பி டிஸ்கைத் தேர்ந்தெடுத்து (அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், எண்ணை நம்பாதீர்கள்) ஜிபிடியாக்கி, இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, எஸ் என்று எழுத்துக் கொடுங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளையால் விண்டோஸ் அடைவிலிருந்து எஸ் டிரைவுக்குப் பூட் கோப்புகளை எழுதுங்கள். அவ்வளவுதான். இனி இந்த மெஷினுக்குச் சொந்தமாக ஒரு பூட்லோடர் உண்டு, உண்மையான இஎஃப்ஐ பார்ட்டிஷனை யாரும் தொடமாட்டார்கள்.

இப்படிச் செய்தபின் விண்டோஸுக்குள் 'இந்த டிரைவை ஃபார்மேட் செய்யவா' என்று ஒரு பெட்டி வரலாம். நீங்கள் கொடுக்காமல் விட்ட என்டிஎஃப்எஸ் டேட்டா பார்ட்டிஷன் அதற்குக் காலியாகத் தெரிவதால் கேட்கிறது. எப்போதும் கேன்சல். இந்த அமைப்பில் தெரியாமல் ஓகே கொடுத்தாலும் டேட்டா போகாது, ஆனால் முழு டிஸ்கும் கொடுத்த அமைப்பில் போய்விடும். கை அந்தப் பழக்கத்துக்கு வரக்கூடாது.

நீலத் திரை: 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்'

விண்டோஸ் லோகோ வருகிறது, வட்டம் சுற்றுகிறது, நீலத் திரை. டிஸ்கில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ், எஸ்எஸ்டியை இணைக்கும் என்விஎம்இ முறைக்கான டிரைவரால் எழுந்து பழகியது. விர்ச்சுவல் மெஷினில் நீங்கள் கொடுத்தது வேறு இணைப்பு முறையான சாட்டா கன்ட்ரோலர். சாட்டாவுக்கான ஏஎச்சிஐ டிரைவர் விண்டோஸுடனேயே வருகிறது, டிஸ்கிலும் இருக்கிறது. ஆனால் இந்தக் கம்ப்யூட்டரில் தேவையில்லை என்று பார்த்தால், பூட் நேரத்தில் ஏற்றாமல் விட்டுவிடும்படி விண்டோஸ் 8 முதல் தன் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்துவிடுகிறது. பூட்லோடர் வரை ஃபர்ம்வேர் டிஸ்கைப் படித்துக் கொடுக்கிறது. விண்டோஸின் மையமான கெர்னல் பொறுப்பேற்றதும் தன் டிஸ்கையே காணோம் என்கிறது.

எளிய வழி, மெஷினிலும் என்விஎம்இ கன்ட்ரோலரையே கொடுப்பது. விர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம் இரண்டிலும் உண்டு. பலருக்கு இதிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் சேஃப் மோடில் ஒருமுறை எழுப்ப வேண்டும். சேஃப் மோடில் விண்டோஸ் அந்தக் குறிப்பைப் பார்க்காமல் பூட் டிரைவர்களை எல்லாம் ஏற்றும், எது வேலை செய்கிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நேரடியாக விண்டோஸில் எழுந்து எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்தால், அது உண்மையான இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள அமைப்பைத்தான் மாற்றும். உங்கள் மெஷின் படிப்பதோ அந்த 200 எம்பி டிஸ்கை. ஒரு மாலை முழுக்க 'டிக் செய்தேனே, ஏன் வரவில்லை' என்று நான் விழித்தது இதனால்தான். மறுபடி ஐஎஸ்ஓவின் கட்டளைத் திரைக்குப் போய், டிஸ்க்பார்ட்டில் அதற்கு மீண்டும் எஸ் எழுத்தைக் கொடுத்து, பூட் அமைப்பைத் திருத்தும் பிசிடிஎடிட்டில் 'ஸ்டோர்' தெரிவால் எஸ் டிரைவில் உள்ள கோப்பைக் காட்டி, சேஃப்பூட் மதிப்பை மினிமல் என்று வையுங்கள். ஒருமுறை எழுந்ததும் அதே மதிப்பை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் எண் பெரும்பாலும் வேலை செய்யாது, கணக்கின் முழுப் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும்.

கேவிஎம் பயன்படுத்துவோர் வேகத்துக்காக, விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உருவான வெர்ட்ஐஓ டிஸ்கை விரும்புவார்கள். அதன் டிரைவர் விண்டோஸில் இல்லவே இல்லை, எனவே நேராக மாற்றினால் இதே நீலத் திரைதான். முதலில் சாட்டாவில் எழுப்புங்கள். 1 ஜிபி அளவில் ஒரு வெற்று டிஸ்கை வெர்ட்ஐஓவாகக் கூடுதலாகச் சேர்த்து, வெர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரை நிறுவுங்கள். அந்தச் சின்ன டிஸ்க் உள்ளே தெரிந்தபிறகு அணைத்துவிட்டு முக்கிய டிஸ்கையும் வெர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள்.

இதனால் நேரடி பூட் கெட்டுவிடாது. இரண்டு டிரைவரும் ஒரே வீட்டில் இருக்கும், கிடைத்த ஹார்ட்வேருக்கு ஏற்றதை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்.

ஒரு பக்கம் சேமித்த ஃபைல் மறுபக்கம் இல்லை. அல்லது 'ரிசூமிங்' என்று தொங்குகிறது

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் உங்கள் செயலிகளை மூடிவிட்டு, கெர்னலின் நினைவகத்தை ஹைபர்னேஷன் கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணைகிறது. அடுத்தமுறை அந்த நினைவகத்தை அப்படியே ஏற்றிக்கொள்ளும். லேப்டாப்பில் உறங்கிய கெர்னல் விர்ச்சுவல் மெஷினில் கண் விழித்தால், அதற்குத் தெரிந்த கிராபிக்ஸ் சிப்பும் இல்லை, டிஸ்க் கன்ட்ரோலரும் இல்லை. தொங்கும், அல்லது நீலத் திரை. அதைவிட மோசம், அது நினைவில் வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம் நிலையும் டிஸ்கில் உள்ள நிலையும் வேறாக இருப்பது.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பவர் பட்டன் அமைப்புக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டளைத் திரையில் பவர்சிஎஃப்ஜி மூலம் ஹைபர்னேஷனையே அணைத்துவிடலாம், சில ஜிபி இடமும் மிச்சம். தற்காலிகத் தப்புவழி ஒன்று: ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்து க்ரப்பில் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் பார்ட்டிஷன் சுத்தமாக இருக்கும்.

இதே காரணத்தால் மெஷினை மூடும்போது 'சேவ் ஸ்டேட்' (நினைவகத்தை அப்படியே சேமித்து நிறுத்துவது) கொடுக்கக்கூடாது. ஸ்னாப்ஷாட் கூடவே கூடாது. ஸ்னாப்ஷாட் எடுத்தபின் வரும் மாற்றங்கள் தனிக் கோப்பில் சேரும், பார்ட்டிஷன் பழைய நிலையிலேயே நிற்கும். இடையில் நேரடியாக விண்டோஸில் எழுந்து நான்கு ஃபைல் எழுதினால், அந்தத் தனிக் கோப்பு எதன்மேல் உட்கார்ந்திருந்ததோ அந்தத் தரையே நகர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது கந்தல்.

விண்டோஸ் ஓடும்போது அதே பார்ட்டிஷனை உபுண்டுவின் ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்து திறப்பதும் இதே ரகத் தவறு. தானாக மவுன்ட் ஆகாமல் மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் அதற்கு 'நோஆட்டோ' போட்டு வையுங்கள். ஃபைல் பரிமாற வேண்டுமா, ஷேர்டு ஃபோல்டர் இருக்கிறது.

பிட்லாக்கர் 48 இலக்கம் கேட்கிறது

பிட்லாக்கர் என்பது டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. டிஸ்கின் சாவி, சாவிகளைக் காக்கும் லேப்டாப்பின் டிபிஎம் சிப்பில் பூட்டியிருக்கிறது, மெஷினுக்குள் அந்தச் சிப் இல்லை. 'நான் பிட்லாக்கர் போடவே இல்லையே' என்பவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள். டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக இயங்கியிருந்தால் ரெக்கவரி கீ அங்கே இருக்கும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். சஸ்பெண்டு செய்தால் கேட்காது, ஆனால் அப்போது சாவி டிஸ்கிலேயே திறந்து கிடக்கும். வெளியே எடுத்துப் போகும் லேப்டாப் என்றால் நான் தட்டச்சு செய்வதையே தேர்ந்தெடுப்பேன்.

ஆக்டிவேஷன் போய்விட்டது

மதர்போர்டு மாறியதாக விண்டோஸ் நினைக்கிறது. நேரடியாக எழுந்தால் மறுபடி ஆக்டிவேட் ஆகியிருக்கும், உள்ளே மட்டும் வாட்டர்மார்க் தெரியும். லேப்டாப்போடு வந்த ஓஇஎம் உரிமம் விர்ச்சுவல் மெஷினில் செல்லுமா என்பது அதன் நிபந்தனைகளைப் பொறுத்தது, படித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைக்கு எனக்கு அந்த வாட்டர்மார்க் தொந்தரவாக இல்லை.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறு

விண்டோஸ் ஹார்ட்வேர் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக நம்பும், லினக்ஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று நம்பும். இந்தியாவிலும் இலங்கையிலும் வித்தியாசம் சரியாக 5:30. விர்ச்சுவல்பாக்ஸில் 'ஹார்ட்வேர் கிளாக் இன் யூடிசி' டிக்கை எடுங்கள். கேவிஎம்மில் கிளாக் ஆஃப்செட்டை லோக்கல்டைம் ஆக்குங்கள்.

திசை திருப்பி: விண்டோஸுக்குள் லினக்ஸ்

விர்ச்சுவல்பாக்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் திறக்காது. மெஷினின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி இயங்குகிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம்.

ஃபெடோரா என்ற லினக்ஸ் எழாமல் டிராக்கட் அவசரத் திரையில் நின்றால், அதன் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் டிரைவர்களை ஏற்றும் கோப்பு; அதை உருவாக்குவது டிராக்கட்) உங்கள் லேப்டாப்பின் ஹார்ட்வேருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது. நேரடியாக எழுந்து டிராக்கட்டை 'நோ-ஹோஸ்ட்ஒன்லி' தெரிவோடு ஓட்டுங்கள். உபுண்டுவில் பெரும்பாலான டிரைவர்கள் இயல்பாகவே சேர்ந்திருப்பதால் இது அரிது. நெட்வொர்க் வரவில்லை என்றால் கார்டின் பெயர் மாறியிருக்கும், பழைய பெயரை எழுதி வைத்த கான்ஃபிக் எங்கே என்று தேடுங்கள். எஃப்எஸ்டேப்பில் டிவைஸ் பெயர்கள் இருந்தால் பார்ட்டிஷனின் மாறாத அடையாளமான யூயூஐடிக்கு மாற்றுங்கள்.

லினக்ஸுக்குள் இன்னொரு லினக்ஸை ஓட்டுவோர் ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) கவனியுங்கள். டூயல் பூட்டில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஸ்வாப் பார்ட்டிஷன் வைப்பது வழக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றின் நினைவகப் பக்கங்களை மற்றொன்று அழிக்கும். உள்ளே ஓடுவதற்கு அந்தப் பார்ட்டிஷனைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் ஒத்துவரவில்லை

விண்டோஸின் பெரிய ஆண்டு அப்டேட்களை மட்டும் எப்போதும் நேரடியாக எழுந்தே போடுங்கள். ஜன்னலுக்குள் போட்டு பாதியில் சிக்கினால் இரண்டு வழியும் அடைபடும்.

மற்றபடி, அதே விண்டோஸ்தான் வேண்டும், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்றால் பிரதி எடுப்பதே மேல். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் டிஸ்க்2விஎச்டி ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே படமெடுத்து விர்ச்சுவல் டிஸ்காக்கிவிடும். விர்ச்சுவல்பாக்ஸுக்கு என்றால் விஎச்டிஎக்ஸ் டிக்கை எடுத்துவிட்டு விஎச்டியாக எழுதுங்கள், வேறொரு டிஸ்குக்கு எழுதுங்கள். எழுதி முடித்த கோப்பை அதே விண்டோஸில் மவுன்ட் செய்து பார்க்காதீர்கள். இரண்டுக்கும் டிஸ்க் அடையாளம் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் பிரதியின் அடையாளத்தை மாற்றிவிடும், பிறகு அது பூட் ஆகாது.